ஒலி நன்றாக இருந்தால் எங்கே கேட்டால் என்ன?

கேள்வி, ஏப்ரல் 18

வணக்கம். ஊர் செய்யாறு பக்கம். போன வாரம் எங்கள் ஊர் அக்னி வசந்த விழாவில், அதாவது பாரதத் திருவிழாவில், கூத்து. ரேடியோ செட் அண்ணனிடம் கெஞ்சி, மிக்சரிலிருந்து நேராக ஒயர் போட்டு ராத்திரி முழுக்க ரெக்கார்டு செய்தேன். இரைச்சலே இல்லை, ஒவ்வொரு சொல்லும் தெளிவு. வீட்டில் தாத்தாவுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது கூத்து மாதிரி இல்லடா, யாரோ காதுல வந்து கத்தற மாதிரி இருக்கு" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். என்ன தப்பென்று புரியவில்லை. இன்னொன்று, சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். காலி அறையில் நாலு ஸ்பீக்கர், அதில் ஏதோ முனகல் ஓடுகிறது, ஒலிக்கலை என்றார்கள். ஒலி நன்றாக இருந்தால் எங்கே கேட்டால் என்ன? அறைக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம்? எந்த மைக் வாங்கலாம் என்று மட்டும் யாராவது சொன்னால்கூடப் போதும்.

ஏப்ரல் 18, இரவு

தம்பி, மைக் எதுவும் வாங்க வேண்டாம். கையில் இருப்பதே போதும். தாத்தா சொன்னதை இன்னொரு தடவை படித்துப் பார். பாடுகிறவர் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்திருக்கும். ஒரு சாண் தூரத்தில் நின்று கூத்துக் கேட்டவர் ஊரில் யாரும் கிடையாது. தாத்தா கேட்டதெல்லாம் பாயில் உட்கார்ந்து, இருபது மீட்டர் தள்ளி. அந்த இருபது மீட்டருக்குள் கோயில் சுவரில் பட்டு வந்த குரல் இருக்கிறது, மண் தரை விழுங்கிய குரல் இருக்கிறது, பக்கத்தில் பேரனைத் தட்டித் தூங்கவைக்கிற பாட்டியும் இருக்கிறார். நீ குரலை மட்டும் எடுத்துக்கொண்டு களத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாய்.

நான் ஆற்காடு. வீட்டுத் தொழிலே ரேடியோ செட். அப்பா காலத்துக் குழாய் ஸ்பீக்கர்கள் இன்னும் கிடங்கில் இருக்கின்றன. சொல்ல நிறைய இருக்கிறது, மிச்சம் நாளைக்கு.

ஏப்ரல் 19

முதலில் காது. இடது பக்கமிருந்து வருகிற சத்தம் இடது காதுக்கு முந்தி வரும், வலது காதுக்குப் பிந்தி வரும். அந்த முந்தலும் பிந்தலும் அதிகம் போனால் 0.7 மில்லிவிநாடி. ஒரு விநாடியை ஆயிரம் துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டுகூட இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் கண்ணை மூடியிருந்தாலும் முகவீணை (கூத்தில் ஊதுகிற சின்ன நாயனம்) எந்தப் பக்கம், மிருதங்கம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறோம். மிக்சரிலிருந்து உனக்கு வந்தது ஒற்றைத் தடம். இரண்டு காதுக்கும் ஒரே நேரம், ஒரே அளவு. அப்படி வந்தால் மூளை ஒரே முடிவுக்குத்தான் வரும்: இந்த ஆள் என் மண்டைக்குள் நிற்கிறான். தாத்தா குறை சொல்லவில்லை, அளந்து சொல்லியிருக்கிறார்.

அப்புறம் தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஆனால் சத்தம் குறைவதை மட்டும் வைத்து நாம் தூரத்தை எடைபோடுவதில்லை. வாயிலிருந்து நேராக வருவது எவ்வளவு, சுவரிலும் மரத்திலும் பட்டு வருவது எவ்வளவு என்ற கலவையையும் காது பார்க்கிறது. கிட்டே நின்றால் நேர் ஒலி தூக்கலாக இருக்கும், தள்ளிப் போகப் போக மற்றது கூடும். உன் பதிவில் அந்த மற்றது என்பதே கிடையாது. அதனால்தான் வால்யூமை எவ்வளவு குறைத்தாலும் ஆள் தள்ளிப் போகமாட்டார்.

ஏப்ரல் 19, சாயங்காலம்

எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். தாத்தா பக்கத்தில் உட்கார். உட்கார்ந்தவர் காது உயரத்தில் ரெக்கார்டரை வை, ஸ்டாண்டில் ஆள் உயரத்துக்குத் தூக்காதே. இரண்டு மைக் இருந்தால் 17 செண்டிமீட்டர் இடைவெளி விட்டு, இரண்டும் வெளிப்பக்கம் பார்க்க 110 பாகை விரித்து வை. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. மனிதத் தலையின் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். காற்று அடித்தால் மேலே ஒரு மெல்லிய துணி. பக்கத்தில் யாராவது இருமினால் இருமட்டும், அழிக்காதே.

ஏப்ரல் 21

போளூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோயில் முழுக்கக் கருங்கல். கருங்கல்லில் எதிரொலி பயங்கரமாக இருக்க வேண்டும். ஆனால் மண்டபத்தில் நாயனம் கேட்டால் அவ்வளவு தெளிவாக இருக்கிறதே, ஏன்?"

இதற்குப் பதில் சொல்ல 1895-க்குப் போக வேண்டும். ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்று ஓர் இளம் ஆசிரியர். ஒரு புது விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை, சரிசெய்து கொடு என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு சொல் சொன்னால் ஐந்தரை விநாடி சுற்றிக்கொண்டே இருந்ததாம். அவர் ஆர்கன் குழல் ஒன்றையும் நேரம் குறிக்கும் கருவியையும் எடுத்துக்கொண்டு, வேறொரு அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்து வந்து, மெத்தை கூடக்கூடச் சத்தம் எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று அளந்தார். கிடைத்த கணக்கு மிக எளிது. கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அங்கே ஒலியை விழுங்குகிற பரப்பால் வகுத்தால், சத்தம் 60 டெசிபல் இறங்க எத்தனை விநாடி ஆகும் என்று வந்துவிடும். விழுங்கும் பரப்பை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அலகு திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே வெளியே போன சத்தம் திரும்பி வராது இல்லையா, அதைவிட முழுசாக விழுங்குவது எது?

இப்போது நம் மண்டபத்துக்கு வா. கணக்குக்காக 10 மீட்டர் நீளம், 10 அகலம், 4 உயரம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கமும் கல் சுவர் என்றால், கல் தன்மேல் படுகிற ஒலியில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் விழுங்கும். சபைன் கணக்கில் கிட்டத்தட்ட 9 விநாடி வரும். பேச்சே புரியாது. அதே மண்டபத்தில் மூன்று பக்கச் சுவரை எடுத்துவிட்டுத் தூண் மட்டும் நிறுத்து. அரை விநாடிக்கு இறங்கிவிடும். இவ்வளவு திறந்த இடத்துக்கு அந்தச் சூத்திரம் தோராயம்தான், ஆனால் போக்கு சரி. கல் மாறவில்லை, தச்சர் மாறவில்லை. திறப்புதான் வேலை செய்கிறது.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. தூண்களில் யாளி, குதிரை வீரர்கள், அடுக்கடுக்காகச் சிற்பம். வழவழப்பான சுவர் ஒலியை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். அப்படிக் குடைந்து குடைந்து செதுக்கிய கல் அதைப் பல திசைக்கும் சிதறவிடும். சிற்பி ஒலிக்காகச் செதுக்கினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கலைக்காகச் செய்தது இன்னொன்றுக்கும் உதவிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோயிலில் மூலவர் இல்லாமல் வழிபாடு நின்றுபோய், 1981-ல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்பி வந்தது. இடையில் அத்தனை காலமும் அந்த மண்டபம் நாயனமும் தவிலும் கேட்காமல் கிடந்திருக்கிறது. நினைத்தால் மனசு கனக்கிறது.

ஏப்ரல் 22

காலி அறை, நாலு ஸ்பீக்கர், முனகல். அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நீ பார்த்தது எந்தப் படைப்பு என்று தெரியாமல் அதைப் பற்றிப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் போக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம்.

ஆல்வின் லூசியர் என்ற அமெரிக்கர் 1969-ல் ஒரு காரியம் செய்தார். அறையில் உட்கார்ந்து நாலு வரி பேசி டேப்பில் பதிந்தார். அதை அதே அறையில் ஸ்பீக்கரில் போட்டு, அறையில் கேட்பதை இன்னொரு டேப்பில் பதிந்தார். அதை மறுபடி போட்டு மறுபடி பதிந்தார். இப்படியே போய்க்கொண்டிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த அறை தனக்குப் பிடித்த சுருதிகளைக் கொஞ்சம் தூக்கும், மற்றவற்றை அமுக்கும். சொல் மங்கி, கடைசியில் பேச்சே இல்லை, அறையின் சுருதிகள் மட்டும் மணிபோல ஒலிக்கும். அவருக்குத் திக்குவாய். அந்தத் திக்கலும் அறைக்குள் கரைந்துபோகிறது. அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேடையில் மைக் கூவுமே, அது இதற்கு அண்ணன் தம்பிதான். ஸ்பீக்கரில் வருவது மைக்குக்குப் போய், மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, இடம் எந்தச் சுருதியைத் தூக்குகிறதோ அதில் கூவ ஆரம்பிக்கும். தொழிலில் நாங்கள் ஓடிப்போய் அமுக்குகிற சத்தம் அது. அவர் அதற்கு வழிவிட்டு, பொறுமையாகக் காது கொடுத்திருக்கிறார்.

இன்னொருவர் மேக்ஸ் நியூஹவுஸ். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், வண்டிகள் பாய்கிற ரோட்டு நடுவே, நடைபாதைக் கம்பித் தட்டிக்குக் கீழே 1977-ல் ஒலி ஒன்றை வைத்தார். பெயர்ப் பலகை கிடையாது. மேலே நடக்கிறவர் ஏதோ ரீங்காரம் என்று கடந்து போகலாம், நின்று கேட்கலாம். 1992-ல் நின்றுபோய், 2002-ல் மறுபடி தொடங்கி வைத்தார்கள். கச்சேரி என்றால் இத்தனை மணிக்குத் தொடங்கி இத்தனை மணிக்கு முடியும். இதற்கு ஆரம்பமும் முடிவும் நடக்கிறவர் காலில் இருக்கிறது. எங்கே நின்றாய், எவ்வளவு நேரம் நின்றாய் என்பதுதான் நீ கேட்ட பாட்டு.

உன் "எங்கே கேட்டால் என்ன"வுக்கு இவர்கள் இரண்டு பேருமே பதில். ஆனால் நம் பக்கத்திலேயே பதில் இருக்கும்போது அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. வருகிறேன்.

ஏப்ரல் 25

சோளிங்கர் பக்கம் மகேந்திரவாடி. ஏரிக்குக் கிட்டே ஒற்றைப் பாறை, அதைக் குடைந்து மகேந்திரவர்மன் எடுத்த விஷ்ணு கோயில். 1,400 வருஷத்துக்குப் பக்கம். வெளியே இருந்து பார்த்தால் வயல் நடுவே ஒரு குண்டுக்கல், அவ்வளவுதான்.

அங்கே போனால் முன் வரிசைத் தூணைத் தாண்டி உள்ளே நின்று, வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் தொடங்கி, மெதுவாகச் சுருதியை ஏற்றிக்கொண்டே போ. ஒரு இடத்தில் உன் குரல் உன்னுடையதாக இருக்காது. நெஞ்சிலும் பாறையிலும் ஒன்றாக அதிரும். கொஞ்சம் ஏற்று, போய்விடும். இறக்கு, திரும்பி வரும்.

காரணம் சிக்கலானது இல்லை. எதிரெதிர்ச் சுவர் இரண்டும் 3 மீட்டர் தள்ளி இருந்தால், போய் வர 6 மீட்டர். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகும். 343-ஐ 6-ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 57 அதிர்வு. அதுவும், அதன் இரட்டிப்பு 114-உம் அங்கே நின்று ஒலிக்கும். ஆண் குரலின் அடி 100 முதல் 130-க்குள் என்பதால் 114-ஐ எளிதாகத் தொட்டுவிடலாம். கருவறைகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கிய சின்னக் கல் அறைகள், திறப்பு ஒன்றே ஒன்று. உள்ளேயிருந்து வருகிற மந்திரம் அந்தக் குருக்களின் குரலைவிடப் பெரிதாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். மண்டபம் ஒலியை விடுகிறது, கருவறை பிடித்துவைக்கிறது. ஒரே கோயிலுக்குள் நாம் நடந்து போகும்போது காது இந்த இரண்டுக்கும் நடுவில் மாறிக்கொண்டே வருகிறது. கண்ணுக்கு இருட்டிக்கொண்டு வருவதுபோலக் காதுக்கும் அடைந்துகொண்டு வரும். அடுத்த தடவை கவனியுங்கள்.

ஏப்ரல் 26

"343 என்பது 20 டிகிரிக்கு, நம்மூருக்கு ஒத்துவராது" என்று போளூர் அண்ணன் திருத்தியிருக்கிறார். சரியான பேச்சு. ஒரு டிகிரிக்கு 0.6 மீட்டர் வீதம் கூடும். மே மாத வேலூர் மத்தியானம் 40 டிகிரி என்றால் 355. கூத்து நடக்கிற ராத்திரி 30 என்றால் 349. இருபது மீட்டர் தூரத்துக்கு ஒரு மில்லிவிநாடி மாறும். மேளக்காரருக்குக்கூடத் தெரியாது. 343-ஐயே வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 27

"முழு அமைதியான அறையில் கேட்டால்தானே ஒலி சுத்தமாகக் கேட்கும்?" என்கிறார் ஒரு மாணவர். ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1951-ல் ஹார்வர்டில் எதிரொலியே இல்லாத அறைக்குள் போய் நின்றார். அங்கேயும் ஒரு மெல்லிய கீச்சொலியும் ஒரு கனத்த ஒலியும் கேட்டன. இரண்டும் உன் உடம்பிலிருந்து வருபவை என்று அங்கிருந்த பொறியாளர் சொன்னார். இடத்தை முழுக்க எடுத்துவிட்டால் மிஞ்சுவது கேட்கிறவர் உடம்பு. அதுவும் ஓர் இடம்தான்.

மே 2

இது நாலு நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ரேடியோ செட் வந்து கூத்தைக் கெடுத்துவிட்டது என்ற தொனியில் இங்கே பலர் எழுதுகிறார்கள். அந்தத் தொழிலில் பிறந்தவன் என்பதற்காக இல்லை, உண்மையாகவே அது முழுக்கச் சரியில்லை.

எதை எடுத்துக்கொண்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்குப் பாணிக் கூத்தின் உச்சஸ்தாயிக் குரலும், குட்டியாய் இருந்துகொண்டு ஊரைப் பிளக்கிற முகவீணையும் திறந்த களத்துக்காகப் பிறந்தவை. சுவர் இல்லாத இடத்தில் தாழ்ந்த குரல் தரையோடு போய்விடும். நம் காது கூர்மையாக இருப்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை, அந்த வட்டத்தில் கூர்மையாக வீசினால்தான் கடைசிப் பாய் வரை போகும். இடம்தான் சுருதியை முடிவு செய்தது என்பது என் கட்சி. மைக் வந்த பிறகு அந்தத் தேவை போயிற்று, ஆனால் சுருதி நின்றுவிட்டது. இப்போது களத்தின் நடுவில் ஒரு மைக் தொங்குகிறது. சுழன்றாடிய ஆள் பாட வேண்டியபோது அதற்கடியில் வந்து நிற்கிறார். ஆட்டத்தின் பரப்பு அந்த ஒரு புள்ளிக்குச் சுருங்கியது. குழாய் வேறு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் விழுங்கிவிடும், அதனால் மிருதங்கத்தில் தொப்பி (இடது பக்கத்துக் கனத்த ஒலி) போய் வலந்தலை (வலது பக்கம்) மட்டும் மிஞ்சும்.

எதைக் கொடுத்தது? புளிய மரத்தில் கட்டிய குழாய், மூன்று ஊர் தள்ளி இருப்பவருக்கு இன்றைக்கு இங்கே பாரதம் என்று சொல்லும். ராத்திரியில் வயல்வெளியில் நடந்து வரும்போது அது காற்றோடு வந்து வந்து போவது தனி அனுபவம். பகலில் அவ்வளவு தூரம் வராது. வெயிலில் தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே குளிர்ச்சி, அதனால் ஒலி மேல்நோக்கி வளைந்து தப்பிவிடும். ராத்திரி தரை சீக்கிரம் ஆறிவிடும், மேலே இருப்பது சூடு, ஒலி கீழே வளைந்து ஊருக்குள் விழும். பகலெல்லாம் கேட்காத காட்பாடி ரயிலின் ஹாரன் விடியற்காலம் மூன்று மணிக்கு வேலூரில் கேட்பதற்கும் இதுதான் காரணம், ஊர் அடங்கிக் கிடப்பதும் சேர்ந்துகொள்ளும். குழாயின் தரம் மட்டம்தான். ஆனால் அது இடத்தை அழிக்கவில்லை, வேறொரு பெரிய இடத்தைத் திறந்துவிட்டது. கூத்துக் களத்துக்கு அது பொருந்தவில்லை என்பது வேறு பேச்சு.

2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. கூத்து தொடங்குவதே பத்து மணிக்கு. மைக்கே இல்லாமல் ஒரு ராத்திரி முழுக்க ஆடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கலைஞர்களின் தொண்டையை நினைத்தால் வாய் வரவில்லை.

மே 3

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்விஷாரத்தில் மாலை நேரம் ஒரு மாடியில் நில்லுங்கள். ஒரு பள்ளிவாசலில் பாங்கு தொடங்கும், அடுத்ததில் சற்றுப் பிந்தி, அப்புறம் தூரத்தில் இன்னொன்று. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பது உங்களிடம் வர கிட்டத்தட்ட மூன்று விநாடி ஆகும். கண்ணை மூடினால் ஊரின் வரைபடமே காதில் விரியும். அடுத்த தெருவுக்குப் போனால் வரிசை மாறிவிடும். உலகத்தில் எந்தக் கண்காட்சிக் கூடத்திலும் இதைவிட நல்ல பல்தடப் படைப்பை யாரும் வைத்துவிட முடியாது.

மே 9

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அர்ச்சுனன் தபசு.

தெரியாதவர்களுக்கு: பாரதத் திருவிழாவில் பாசுபதாஸ்திரம் வாங்க அர்ச்சுனன் தவம் போகிற கதை வரும் நாள். தென்னை உயரத்துக்கு ஒரு மரம் நட்டு, குறுக்கே படி அடித்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் ஒவ்வொரு படிக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் மரத்தைச் சுற்றி ஈரப் புடவையோடு இருப்பார்கள். உச்சிக்குப் போனதும் மேலேயிருந்து எலுமிச்சம்பழம், பூ, விபூதி எல்லாம் வீசுவார், கீழே மடியேந்திப் பிடிப்பார்கள்.

கதையாகவும் சடங்காகவும் எத்தனையோ பேர் இதைப் பற்றிப் பேசியாகிவிட்டது. காதால் யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. தரையில் பாடினால் குரல் முன் வரிசைத் தலைகளை உரசிக்கொண்டு போகிறது. ஒரு ஆள் அரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம், அவ்வளவு விழுங்குவார். ஆயிரம் பேர் உட்கார்ந்தால் பின் வரிசைக்கு மிச்சம் கொஞ்சம்தான். அதே ஆள் படிப்படியாக ஏறும்போது குரல் தலைகளை விட்டு விடுபடுகிறது. ஒவ்வொரு படியிலும் அடுத்த வரிசைக்கு நேர்க்கோடு திறக்கிறது. உச்சியில் நிற்கும்போது ஊரில் எல்லாருக்கும் அவரோடு நேர்க்கோடு உண்டு, எல்லாருக்கும் குரல் மேலேயிருந்து வருகிறது. தவம் செய்து மனிதர்களைத் தாண்டிப் போனவனின் குரல் எங்கிருந்து வர வேண்டுமோ அங்கிருந்து. இது ஒலிக்கலை இல்லையென்றால் எது?

இப்போது அர்ச்சுனனுக்குச் சட்டையில் கார்ட்லெஸ் மைக் குத்திவிடுகிறார்கள். ஆள் உச்சியில், குரல் பின்னால் புளிய மரத்துக் குழாயில். ஜனங்கள் மேலே பார்த்துக்கொண்டு முதுகால் கேட்கிறார்கள். ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, குரலின் இடம் மாறுவதில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்குத் தாங்கவில்லை.

மே 10

"அப்படியென்றால் மைக் வேண்டாம் என்கிறீர்களா?" இல்லை. இன்றைக்குப் பக்கத்து ரோட்டில் லாரி போகிறது, ஜெனரேட்டர் ஓடுகிறது. மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்காது. குரலைப் பெருக்கலாம், ஆனால் அது வருகிற திசையை மாற்றாமல் பெருக்க வழி இருக்கிறது.

ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949-ல் ஆராய்ந்து சொன்னது. ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால், எது முந்தி காதுக்கு வருகிறதோ அந்தத் திசையிலிருந்துதான் எல்லாமே வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும். பின்னால் வருவது 10 முதல் 30 மில்லிவிநாடிக்குள் வந்தால், அது 10 டெசிபல் வரை கூடுதலாக இருந்தாலும் தனியாகத் தெரியாது, முதல் ஒலிக்குப் பலம் மட்டும் சேர்க்கும். 50-ஐத் தாண்டினால்தான் இரண்டாகப் பிரிந்து எதிரொலியாகத் தொந்தரவு செய்ய ஆரம்பிக்கும்.

ஆக, அர்ச்சுனனின் நிஜக் குரல் முந்தி வர வேண்டும், ஸ்பீக்கர் பெட்டியில் வருவது 15 மில்லிவிநாடி பிந்த வேண்டும். 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு நிஜக் குரல் வர 87 மில்லிவிநாடி. அவர் பக்கத்தில் இருக்கிற பெட்டிக்கு டிஜிட்டல் மிக்சரில் 102 என்று டிலே (தாமதம்) வைத்தால் முடிந்தது. பெரிய மாநாடுகளில் தினமும் செய்கிற வேலைதான். கூத்துக்கு யாரும் கேட்பதில்லை, நாமும் வைப்பதில்லை.

மே 16

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தேன். பம்பை மேளம் தெருவுக்குள் வரும்போது இரண்டு பக்கமும் கட்டடம், அடி ஒவ்வொன்றும் மோதி மோதி நெஞ்சில் இறங்குகிறது. தெரு அகன்று வெட்டவெளியான இடத்துக்கு வந்ததும் அதே பம்பை, அதே கை, ஆனால் அடி அடியாகப் பிரிந்து கேட்கிறது. பம்பைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "சந்துக்குள்ள கொஞ்சமா அடிச்சா போதும்ணே, சுவரு அடிக்கும்" என்றார். நான் இத்தனை நாளாக இங்கே எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு வேலூர்ப் பாலாற்று மணலில் இதையே கேட்டுப் பாருங்கள். காய்ந்த மணல் ஒலியைக் குடித்துவிடும். அவ்வளவு கூட்டத்திலும் பம்பை உலர்ந்து, கிட்டே மட்டும் கேட்கும்.

மே 20

செய்யாற்றுத் தம்பி புதுப் பதிவு அனுப்பியிருக்கிறான். பக்கத்து ஊர்க் கூத்து, தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தது. திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் பாட ஆரம்பிக்கிற இடத்தைக் கேட்டேன். ஆளே தெரியாது, திரை மட்டும் ஆடும், குரல் மட்டும் வரும். அந்தக் குரல் வருகிற தூரம் இந்தப் பதிவில் இருக்கிறது. தாத்தா முழுசாகக் கேட்டாராம். "எனக்கு இடது பக்கம் உக்காந்து இருமறவன் யாருடா?" என்று கேட்டாராம். அருமை.

சொல் தெளிவு குறைகிறது, மிக்சர் பதிவையும் கலக்கலாமா என்கிறான். கலக்கலாம், கொஞ்சமாக. ஆனால் அப்படியே கலந்தால் குரல் இரட்டையாகும். மிக்சர் பதிவை மீட்டருக்கு 2.9 மில்லிவிநாடி என்று கணக்கிட்டுப் பின்னுக்குத் தள்ளு. நீ உட்கார்ந்தது குழாயிலிருந்து 20 மீட்டர் என்றால் 58. அதோடு இன்னும் ஒரு 10 சேர்த்துக்கொள், உன் களத்து மைக் எப்போதும் முந்தியே இருக்கட்டும்.

மே 28

"எங்களிடம் பழைய மிக்சர், டிலே கிடையாது, பாரதக் கமிட்டி புதுசு வாங்கித் தராது" என்று ஆரணியிலிருந்து ஒரு செட்காரர் கேட்டிருக்கிறார். அண்ணே, பைசா செலவில்லாமல் செய்யலாம். குழாயைப் புளிய மரத்திலிருந்து இறக்கி, தபசு மரத்துக்குப் பின்னால், கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். தூரமே டிலே.

எவ்வளவு பின்னால் என்று அவரே கேட்டுவிட்டு, மரத்தின் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்றும் கேட்டார். எடுக்கத்தான் வேண்டும். மரம் 15 மீட்டர், ஜனம் 20 மீட்டர் தள்ளி என்றால் உச்சியிலிருந்து சாய்வாக அவர்களுக்கு 25 மீட்டர். குழாயை மரத்துக்கு 5 மீட்டர் பின்னால் வைத்தால் அதுவும் 25, இரண்டும் ஒன்றாக வந்துவிடும், பிரயோசனமில்லை. 10 மீட்டர் பின்னால் வைத்தால் 30. குரல் முந்தி, குழாய் 15 மில்லிவிநாடி பிந்தி. 36 மீட்டரில் இருப்பவருக்குக் குரல் 39 மீட்டர், குழாய் 46 மீட்டர், பிந்துவது 20 மில்லிவிநாடி. முன்னால் 8 மீட்டரில் உட்கார்ந்தவருக்கு 17-உம் 18-உம், 3 மில்லிவிநாடிதான் பிந்தும், ஆனால் அவருக்கு நிஜக் குரலே போதுமான அளவு கேட்கும்.

மைக் கூவாதா என்றால், மைக் உச்சியில் இருக்கிறது, குழாய் தரையோடு முன்னால் பார்க்கிறது. குழாயின் வாய்க்கு நேரே மைக் வராது. ஆனால் அவர் ஏறத் தொடங்கும்போது கீழ்ப் படிகளில் மைக் குழாய்க்கு நேரே இருக்கும், அதுவரை வால்யூமை இறக்கியே வையுங்கள், நாலைந்து படி தாண்டினதும் ஏற்றிக்கொள்ளுங்கள். கீழே இருக்கும்போது அவருக்கு மைக் அவ்வளவாகத் தேவையும் இல்லை. பின்பக்கம் கோயில் சுவர் இருந்தால் குழாயைச் சுவரை ஒட்டி வையுங்கள், எதிரொலி பிரிந்து தெரியாது. ஆனி மாதத்தில் எந்த ஊரில் தபசு இருந்தாலும் இங்கே சொல்லுங்கள், ஒயரும் ஸ்டாண்டும் நான் கொண்டு வருகிறேன்.